வேலி பழக்கிய குதிரை

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். வேறு ஒருவரும் சொல்லப்போவதில்லை.

நெடுந்தீவில் குதிரைகளுக்கென்று எடுத்த வளவில் நல்ல தண்ணீர் இல்லை என்று மூன்று பேர் மூன்று இடத்தில் வெட்டிப் பார்த்துக் கைவிட்டார்கள். நாலாவது இடத்தில் நான் வெட்டினேன். குதிரை முகம் சுளிக்காமல் குடிக்கக்கூடிய தண்ணீர் வந்தது. விழுந்து கிடந்த மதில்களின் முருகைக்கற்களை, கடல் தரும் பவளப்பாறைக் கற்களை, பொறுக்கி ஆறு குதிரைக்கு லாயம் கட்டினேன். மேசனும் நான்தான், தச்சனும் நான்தான். கனடாவிலிருந்து பெரிய பெட்டியில் வந்த சேணம் எங்கள் மட்டக்குதிரைகளின் முதுகில் கழன்ற கூரைபோல் ஆடியது. அதைப் பிரித்துப் பார்த்து, சாக்கும் தும்பும் வைத்து, எங்கள் குதிரைகளின் முதுகுக்கு அளவாக நாலு சேணம் தைத்தேன். கால் வைக்கிற அங்கவடிகளைப் பழைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் இரும்பில் வளைத்தேன். மனிதக் கை படாத நாலு குதிரைகளை அடியில்லாமல், பட்டினி போடாமல், கடிவாளத்துக்குக் கொண்டுவந்தேன். குதிரையில் ஏறியே இராத ஒரு பெண்ணைச் சவாரிக்காரி ஆக்கினேன். கனடாவில் இருந்துகொண்டு குதிரை வைத்திருந்த ஒரு மனிதரைக் குதிரை என்றால் என்னவென்று தெரிந்த மனிதர் ஆக்கினேன். அது எல்லாவற்றையும் விடக் கடினமான வேலை.

இவ்வளவையும் செய்தவன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். "பள்ளிக்கூடம் போகாதவர் குதிரைக்குப் பள்ளிக்கூடம் வைக்கிறார்" என்று துறையில் படகுக்கு நிற்கிற சனம் சிரித்தது. சிரித்தவர்களின் உறவுகள் பிறகு அந்தக் குதிரைகளில் ஏறிப் படம் எடுத்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்தக் குதிரைச் சவாரி இடத்துக்கு இப்போது ஒரு நினைவு மலர் வெளிவரப்போகிறது. வழவழப்பான தாள், நிறப் படங்கள், பிரமுகர்களின் ஆசியுரைகள். அச்சுக்குப் போகுமுன் அதன் படியொன்று மருமகளின் தொலைபேசிக்கு வந்தது. அவள் வாசிக்க நான் கதிரையில் இருந்து கேட்டேன். என்னைப் பற்றி ஒரு சொல் உண்டா என்று இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் "உதவிய ஊழியர்களுக்கும் நன்றி" என்று இருந்தது. அந்த ஊழியர்களுக்குள் நானும் இருக்கிறேன் போலும்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் அல்ல. நடுப் பக்கத்தில் வேறொரு வசனம் இருந்தது. "சவாரி செய்தவரின் கவனக்குறைவினால் ஆரம்பத்தில் ஒரு சிறு விபத்து நேர்ந்தது." மருமகள் அதை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

நான் குதிரையைக் கண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் என்னைத் இலங்கையின் தென்பகுதியில் எங்கள் தீவார் ஒருவரின் கடைக்கு அனுப்பினார்கள். மூட்டை தூக்கினேன். இரண்டு வருஷத்தில் அங்கிருந்து ஓடி, மலைநாட்டில் பந்தயக் குதிரை வைத்திருக்கும் ஒரு லாயத்தில் புல் சுமக்கச் சேர்ந்தேன். பதினொரு வருஷம். புல் சுமப்பதிலிருந்து சாணம் அள்ளுவதற்கும், அதிலிருந்து குதிரையைக் கையில் பிடித்து நடத்துவதற்கும், அதிலிருந்து சிணுங்குகிற குதிரையை ஆற்றுவதற்கும் ஏறினேன். ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பார்த்தேன், எடுத்தேன். கடிக்க வருகிற குதிரையின் காது முதலில் எங்கே போகும், வயிற்றுவலிக்காரன் எப்படிப் பின்னால் திரும்பித் தன் வயிற்றைப் பார்ப்பான் என்பதெல்லாம் என் கண்ணில் ஏறிய பாடம். பிறகு வந்த காலம் எல்லாரையும் உலைத்ததுபோல் என்னையும் உலைத்தது. சண்டை முடிந்த பிறகு தலை நரைத்துத்தான் தீவுக்குத் திரும்பினேன்.

திரும்பியபோது ஆட்களில் பாதி இல்லை. குதிரைகள் இருந்தன. தெற்கே மரமில்லாத புல்வெளியில் கூட்டமாக நின்றன. ஒரு காலத்தில் குடும்பத்துக்கு ஒரு குறி சுட்டு விட்டிருக்கிறார்கள். குறி உள்ள தாய்க்குப் பிறந்தது அந்தக் குடும்பத்துக்கு என்பது தீவின் வழக்கம். கனடாத் தம்பியின் குடும்பத்துக்கும் ஒரு குறி இருந்தது. அவரை அப்படித்தான் இங்கே எல்லாரும் சொல்வார்கள். அவருடைய தகப்பன் தென்னிலங்கையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், பிள்ளைகள் வெளிநாடு போனார்கள். ஒரு விடுமுறைக்கு வந்தவர் தன் குடும்பக் குறியைச் சுமந்த கிழட்டுக் குதிரை ஒன்றைப் புல்வெளியில் கண்டு அழுதாராம். குதிரையைத் தீவுக்கு வெளியே கொண்டுபோக ஏலாது, அது சட்டம். அப்படியென்றால் குதிரைக்கு இங்கேயே ஒரு இடம் வைப்போம், வருகிற சனம் ஏறட்டும், தீவுப் பிள்ளைகள் பழகட்டும் என்று முடிவெடுத்தார். குதிரை தெரிந்த ஆள் யார் என்று கேட்டபோது தீவில் ஒரேயொருவர் இருந்தார். அது நான்.

கனடாத் தம்பிக்கு நான் சொல்லிக்கொடுத்த விதத்தையும் எழுத வேண்டும். அவர் வீடியோவில் வருவார். அங்கே பனி, இங்கே வெயில். குதிரையைத் தொலைபேசிக்குக் காட்டச் சொல்வார். "அண்ணை, வயிறு பெருத்திருக்கு, தீனியைக் குறையுங்கோ" என்பார். "தம்பி, அது தீனி இல்லை, மாசமா இருக்கு" என்பேன். குதிரை சாப்பிட அங்கிருந்து அப்பிள் கொண்டுவரலாமா என்று கேட்டார். வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் கேளும் என்றேன். ஒரு குதிரையைச் சொந்தமாக வைத்திருப்பவன் நாளுக்கு இரண்டு தரம் அதன் நாலு குளம்பையும் தூக்கிப் பார்க்க வேண்டும், ஆளை வைத்துப் பார்ப்பித்தால் பார்த்ததாகக் கணக்கில்லை என்று சொன்னேன். அடுத்த முறை வந்தபோது படகால் இறங்கி நேரே லாயத்துக்கு வந்து, நல்ல காற்சட்டையோடு முழங்காலில் நின்று குளம்பு தூக்கினார். நல்ல மனிதர். அதையும் மறைக்க மாட்டேன்.

நாலு குதிரைகளில் முதலாவது செவலை. பெட்டைக்குதிரை, நெற்றியில் விரல் நுனி அளவு வெள்ளை. அவளைக் கயிறெறிந்து பிடிக்கவில்லை. ஆடி மாதம் புல்வெளிக் குளம் சேறாகி, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் புழுதி எழும்புகிற காலம். அந்தக் காலத்தில் கூட்டத்தில் சில குதிரைகள் விழுந்து எழும்பாது. நான் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுபோய், ஒரு பாதி எண்ணெய்ப் பீப்பாயில் ஊற்றிவிட்டுத் தூரப் போய் நிற்பேன். ஒவ்வொரு நாளும் அந்தப் பீப்பாயைக் கொஞ்சம் வடக்கே, லாயத்தின் பக்கம் நகர்த்துவேன். இருபத்தாறு நாளில் செவலை என் வாசல் படலைக்குள் நின்றாள். நானே கண்டுபிடித்த முறை. ஒருவரிடமும் கேட்கவில்லை.

அடுத்தது பழக்குவது. அதற்கும் நானே ஒரு முறை கண்டேன். அதைத்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் தீவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குடியிருப்புப் பக்கம் முழுவதும் ஒழுங்கைகள். ஒவ்வொரு வளவையும் சுற்றி முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய வேலி. சாந்து இல்லை, மார்பளவு உயரம். இரண்டு வேலிக்கு நடுவில் ஒரு வண்டி போகும் அகலம். அந்த ஒழுங்கையில் குதிரையை ஏற்றிவிட்டால் அது இடமும் போக ஏலாது, வலமும் போக ஏலாது. குதிரைக்கும் பயமில்லை, ஏறினவருக்கும் பயமில்லை. கம்பி அடிக்க வேண்டாம், வட்டம் கட்ட வேண்டாம். அந்தக் காலத்து மனிதர் எனக்காகவே கட்டிவைத்ததுபோல் இருந்தது. "வேலிதான் என்ரை உதவியாள்" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னேன். கனடாத் தம்பி அதை வீடியோ எடுத்து அங்கே காட்டினார்.

எட்டு மாதம் ஒழுங்கைகளில் பழக்கினேன். முதலில் நான் ஏறினேன், எழுபது வயதில். பிறகு தபால் பிள்ளை.

தபால் பிள்ளை என்று நான் சொல்வது எங்கள் தீவில் கடிதம் கொண்டுபோகிற பெண்ணை. நாற்பது வயதிருக்கும். புருஷன் கடலில் போனவர், இரண்டு பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறார்கள். சைக்கிளில் எல்லா ஒழுங்கைக்கும் போவாள். ஒருநாள் லாயத்துப் படலையில் எனக்கு வந்த முதியோர் உதவிப்பணக் கடிதத்தைத் தந்துவிட்டு, செவலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மாஸ்டர், சைக்கிளுக்குக் காத்தடிச்சு அலுத்துப்போச்சு. உதுக்குக் காத்தடிக்க வேண்டாமே" என்றாள். என்னை மாஸ்டர் என்று அழைத்த ஒரே ஆள் அவள்தான். கேலிக்குத்தான் சொன்னாள். எனக்குப் பிடித்திருந்தது.

அவளை ஏற்றினேன். முதல் கிழமையிலேயே தெரிந்தது, இவளுக்கு இருப்பு இருக்கிறது. குதிரையில் ஏறும் பலர் மூட்டைபோல் இருப்பார்கள். இவள் இருந்தால் குதிரையும் இவளும் ஒரே மூச்சாக இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை முழுக்கப் பழகினாள். வேலைநாளில் விடிய ஐந்தரைக்கு வந்து, ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டுத் தபால் கந்தோருக்குப் போனாள். குதிரை நாற்றத்தோடு கடிதம் வருகிறது என்று சனம் சொன்னது. இடம் திறந்ததும் வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் வேலை அவளுக்கே என்று கனடாத் தம்பி சொல்லியிருந்தார். அவள் எத்தனையோ வருஷம் ஒன்றுக்கும் ஆசைப்படாமல் இருந்தவள். இதற்கு ஆசைப்பட்டாள். அது முகத்தில் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருக்கமரத்தடியில் குதிரைக்கு வியர்வை துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

"மாஸ்டர், ஒண்டு கவனிச்சனீங்களே? மூலையிலை நான் கடிவாளக் கயிறு இழுக்க முந்தியே இவள் திரும்பிடுறாள்."

"அதுதான் பழக்கம் எண்டுறது. குதிரைக்கு உம்மை விளங்கிட்டுது."

"எனக்கெண்டால் அப்பிடித் தெரியேல்லை. ஒருக்கா வெளியிலை கொண்டுபோய் விட்டுப் பாப்பமே?"

"வெளியிலை என்னத்தைத் திரும்பிறது? அங்கை மூலையே இல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். என் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

திறப்பு நாளில் கனடாத் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். பிரமுகர்கள் காலைப் படகில் வந்தார்கள். மாலை, பொன்னாடை, பேச்சு. பேச்சில் என் பெயர் வந்தது, அப்போது வந்தது. நான் எழும்பி நின்று கும்பிட்டேன். பிறகு திட்டம் இதுதான்: தபால் பிள்ளை செவலையில் ஏறி ஒழுங்கைகளால் தெற்கே போய், கடைசி வேலியைத் தாண்டிப் புல்வெளியில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வர வேண்டும். விருந்தினர் லாண்ட்மாஸ்டர் இழுக்கிற பெட்டியில் முன்னுக்குப் போய்ப் புல்வெளியில் நின்று படம் எடுப்பார்கள். நானும் பெட்டியில் நின்றேன். வழி முழுக்க என் குதிரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனேன். "சுண்டு விரலாலை திருப்பலாம்" என்றேன். எத்தனை பேரிடம் சொன்னேன் என்று இப்போது நினைக்க விருப்பமில்லை.

அவள் வந்தாள். ஒழுங்கையின் வாயில் செவலை தலை நிமிர்த்தி வந்த அழகை யாரும் மறுக்க முடியாது. அது என் வேலை. வேலி முடிந்தது. செவலை நின்றாள். இடமும் பார்த்தாள், வலமும் பார்த்தாள். எட்டு மாதமாக அவளுக்கு இரண்டு பக்கமும் கல் இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. அப்போது தூரத்தில் காட்டுக்குதிரைக் கூட்டம், லாண்ட்மாஸ்டர் சத்தத்துக்கோ என்னவோ, கிளம்பி ஓடியது. செவலையும் ஓடினாள்.

அந்தப் பிள்ளை பயப்படவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னுக்குச் சாய்ந்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே, இடக் கயிற்றை இழுத்தாள். செவலையின் கழுத்து இடப் பக்கம் வளைந்தது. மூக்கு பிள்ளையின் முழங்கால்வரை வந்தது. ஆனால் உடம்பு நேரே போய்க்கொண்டிருந்தது. கழுத்து ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கம். வலக் கயிற்றை இழுத்தாள். கழுத்து வலப் பக்கம் வந்தது. ஓட்டம் நேரே. கயிறு என்றால் என்னவென்று அந்தக் குதிரைக்கு நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. எட்டு மாதமாக அவளைத் திருப்பியது என் கை அல்ல, அந்தப் பிள்ளையின் கையும் அல்ல. கல்வேலி.

புல்வெளியின் நடுவில் பழைய காலத்து மதில் ஒன்று பாதி விழுந்து கிடக்கிறது. செவலை அதை நோக்கிப் போனாள். மதிலுக்கு முன் வந்ததும் அவளுக்குத் தெரிந்த ஒன்று வந்துவிட்டது. எட்டு மாதம் திரும்பியதுபோலவே சட்டென்று, கச்சிதமாக, மதிலோடு திரும்பினாள். அந்தப் பிள்ளை திரும்பவில்லை. மதில்மேல் போய் விழுந்தாள்.

ஓடிப் போனோம். அவள் கண் திறந்திருந்தது. இடக் கையில் கயிற்றின் அறுந்த துண்டு சுற்றியிருந்தது. அதை அவிழ்த்தது நான்தான். விரல்கள் விறைத்திருந்தன, ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

தீவு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, படகில் ஏற்றி, குறிகட்டுவான் துறையிலிருந்து அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் கொண்டுபோனார்கள். இடுப்பு எலும்பு முறிவு. துறையில் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கனடாத் தம்பி என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார். முகம் வெளிறியிருந்தது. பின்னால் பிரமுகர்கள் நின்றார்கள், பெட்டியில் நான் வாய் ஓயாமல் கதைத்ததைக் கேட்டவர்கள்.

"அண்ணை, என்ன நடந்தது?"

"அவ கயிறை விட்டிட்டா, தம்பி."

இவ்வளவுதான் சொன்னேன். என் சட்டைப் பையில் அந்த அறுந்த கயிற்றுத் துண்டு இருந்தது.

நான் சொன்னது படகிலேயே அவளோடு கடல் தாண்டிப் போனது. அன்று பின்னேரம் கடையில் சொன்னார்கள், பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை என்று. அடுத்த நாள் கோயிலில் சொன்னார்கள். ஒரு கிழமைக்குள் அவள் குதிரையில் இருந்துகொண்டு தொலைபேசி பார்த்தாள் என்று கதை வளர்ந்துவிட்டது. அது நான் சொன்னதல்ல. ஆனால் விதை என்னுடையது.

இடம் பூட்டப்பட்டது. கனடாத் தம்பி திரும்பிப் போனார். நான் மட்டும் ஒவ்வொரு நாளும் போய்த் தண்ணீர் வைத்தேன், குளம்பு பார்த்தேன். செவலை என்னைக் கண்டால் வழக்கம்போல் தலையை நீட்டுவாள். அவளுக்கு என்ன தெரியும்? ஒரு மாதம் அவள்மேல் சேணம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணால் கண்டதைக்கூட நான் எனக்குள் மறுத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தைக் கண்டால் எந்தக் குதிரையும் ஓடும்தானே என்று எனக்கே சொன்னேன். பிறகு ஒருநாள் விடிய, அதை முடித்துவிடுவோம் என்று, செவலையைப் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போய் நானே ஏறினேன். கூட்டம் இல்லை. சத்தம் இல்லை. மெல்ல நடக்கவிட்டு இடக் கயிற்றை இழுத்தேன். கழுத்து வந்தது. கால் நேரே போனது. மலைநாட்டுப் பந்தயத் திடலை நினைத்துப் பார்த்தேன். அங்கேயும் இரண்டு பக்கமும் கம்பி. பதினொரு வருஷம் நான் பார்த்ததெல்லாம் வேலிக்குள் ஓடின குதிரை.

இந்தப் பிழையை வேறு ஊரில் ஒருவரும் விட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு இப்படி வேலி இல்லை. இந்தத் தீவிலும் வேறு ஒருவரும் விட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் குதிரை பழக்கத் தெரியாது. இது முழுக்க முழுக்க என்னுடைய பிழை.

திருத்தினேன். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் என்னுடையது. பனைமட்டைகளைச் சீவிப் புல்வெளியில் இரண்டு வரிசையாக நட்டேன். ஒழுங்கையின் அளவில், ஒழுங்கையின் வளைவுகளோடு. செவலை அதற்குள் பழகியபடியே போனாள். ஒவ்வொரு மூலையிலும் அவள் திரும்புமுன் கயிற்றால் சொன்னேன், காலால் சொன்னேன், என் உடம்பைத் திருப்பிச் சொன்னேன். பிறகு நாளுக்கு ஒரு மட்டையைப் பிடுங்கினேன். முன்னூறுக்கு மேல் மட்டைகள். அந்த வருஷம் மழை பிந்தியது. குளம் வெடித்துக் கிடந்தது. நான் மட்டை பிடுங்குகிற இடத்திலிருந்து பார்த்தால் செத்த குதிரைகளின் விலா எலும்புகள் தெரியும், காகம் இருக்கும். இரண்டு தரம் விழுந்தேன். ஒரு பல் போனது. கடைசி மட்டையைப் பிடுங்கிய நாளில் ஒன்றுமில்லாத வெளியில் செவலையை எட்டு இலக்கம்போல் சுற்றினேன். பார்க்க ஒருவரும் இல்லை. பார்க்க ஆளில்லாமல் நான் செய்த பெரிய வேலை அது ஒன்றுதான்.

கனடாத் தம்பி வந்து பார்த்தார், மகிழ்ந்தார், இடத்தை மறுபடி திறந்தார். பெருநிலத்திலிருந்து ஒரு ஆளைச் சவாரிக்கு எடுத்தார். தபால் பிள்ளை அப்போது தடி இல்லாமல் நடக்கத் தொடங்கியிருந்தாள். சைக்கிள் ஓட ஏலாது என்று கந்தோருக்குள் முத்திரை குத்துகிற வேலை கொடுத்திருந்தார்கள். அவள் கனடாத் தம்பியிடம் போய், மருத்துவர் குதிரை ஏறலாம் என்கிறார், எனக்கு அந்த வேலையைத் தருவீர்களா என்று கேட்டிருக்கிறாள். "அக்கா, கோவிக்காதேங்கோ, ஒருக்கா கயிறை விட்ட ஆளிட்டை நான் வாற சனத்தைக் குடுக்க ஏலாது" என்றிருக்கிறார். அவரில் பிழை சொல்ல முடியாது. குதிரைக்குச் சொந்தக்காரர் அப்படித்தான் யோசிக்க வேண்டும். நான்தான் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன்.

மலரின் படி வந்த அடுத்த நாள் பின்னேரம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். குசினி வாசலில் கதிரை போட்டிருந்தாள். தேத்தண்ணி தந்தாள். கொஞ்ச நேரம் தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி பிந்துவதைப் பற்றிக் கதைத்தோம். மலரின் படி அவளுடைய தொலைபேசிக்கும் வந்திருந்தது; பிறகு அவளே தொடங்கினாள்.

"நான் கயிறை விடேல்லை, அண்ணை."

மாஸ்டர் என்று சொல்லவில்லை. அண்ணை என்றாள்.

"ஓம்" என்றேன்.

"நீங்கள்தானே என்ரை விரலைப் பிரிச்சனீங்கள். எனக்கு நினைவிருக்கு. பேந்து ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

சனம் நின்றது, வெட்கமாக இருந்தது என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள், ஒரு முகவரி சரியா என்று பார்ப்பதுபோல. சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்கு மன்னிப்பு ஒண்டும் வேண்டாம். மலர் அச்சடிச்சு வந்தால் அது அலுமாரியிலை கிடக்கும். என்ரை பிள்ளையளின்ரை பிள்ளையளும் வாசிக்கும். அந்த வசனம் இருக்குமட்டும் என்னை ஒருத்தரும் குதிரையிலை ஏத்த மாட்டினம். அதை எடுக்கச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

வரும்போது அந்தக் கயிற்றுத் துண்டை அவளிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, இது உங்களிடமே இருக்கட்டும், உங்களுக்குத்தான் தேவைப்படும் என்று திருப்பித் தந்தாள்.

அன்றைக்கே கனடாத் தம்பிக்கு வீடியோவில் அழைப்பு எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேலியைச் சொன்னேன், துறையில் சொன்ன பொய்யைச் சொன்னேன், கயிற்றுத் துண்டைத் தொலைபேசிக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். அவர் துண்டை இன்னும் கிட்டக் காட்டச் சொன்னார். பிறகு, இந்த வயதில் உங்கள் பெயரை நீங்களே ஏன் கெடுக்கிறீர்கள் என்றார். மலரில் யாருடைய பெயரும் இல்லை, பொதுவாகச் சவாரி செய்தவர் என்றுதான் இருக்கிறது என்றார்.

"தம்பி, இந்தத் தீவிலை குதிரை ஓடின பொம்பிளை எத்தினை பேர் எண்டு நீர் நினைக்கிறீர்?"

அவர் தாடையைத் தடவினார். "எழுதித் தாங்கோ அண்ணை. பாப்பம்" என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். என் எழுத்துப் பிழைகளை மருமகள் திருத்துவாள். மற்றப் பிழைகளை ஒருவரும் திருத்த வேண்டாம். அவை இருக்கிறபடியே இருக்கட்டும்.

தம்பி, எனக்கு இப்போது எழுபத்தாறு. என் வாழ்நாளில் நான் செய்த வேலைக்கெல்லாம் வேறு ஆட்கள் மாலை வாங்கியிருக்கிறார்கள். அதற்கு நான் பழகியவன். ஆனால் என் பிழையையும் இன்னொருவர் சுமக்க விட எனக்கு ஏலாது. அதுவும் அந்தப் பிள்ளை. அந்த வசனத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் இதைப் போடும்: செவலையைப் பழக்கியவர் இன்னார். வேலிக்குள் மட்டும் பழக்கி, வெளியில் விட்டது அவருடைய பிழை. சவாரி செய்தவர் கடைசிவரை கயிற்றை விடவில்லை. விட்டார் என்று பொய் சொன்னவரும் இன்னாரே. பின்னர் அந்தக் குதிரையை வெளியில் பழக்கித் திருத்தியவரும் அவரே.

இன்னார் என்ற இடத்தில் என் முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு போட வேண்டும். ஊழியர்கள் என்ற சொல்லுக்குள் என்னை ஒளிக்க வேண்டாம். கிணற்றுக்கும் லாயத்துக்கும் சேணத்துக்கும் தனியாக இரண்டு வரி போட்டால் நல்லது, அது எனக்குச் சேர வேண்டியது. தாளில் இடம் காணாவிட்டால் கிணற்றை விடும், லாயத்தையும் விடும். இதை விடாதீர். இது என்னுடையது.